களத்து வெள்ளை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகும் விஷயத்தில் பாதி வேலையைச் செய்தது அந்தக் கோபம்தான். மீதிப் பாதியை ஒரு பழைய பிரிண்டரும், முகம் தெரியாத யார் யாரோ எழுதி ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்த மென்பொருளும் செய்தன.

சூரமங்கலத்தில் ரயில்வே அலுவலகத்தில் எனக்கு வேலை. வீட்டுக்காரர் சரக்கு ரயிலில் கார்டு. பிறந்த வீடு ராசிபுரத்துக்குப் பக்கம். அங்கே எங்களுக்கு ஜவ்வரிசி ஆலை இருக்கிறது. மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கைத் தோல் உரித்து, அரைத்து, பாலெடுத்து, படியவைத்து, உருட்டி, வறுத்துக் களத்தில் கொட்டிக் காயவைப்பார்கள். நான் நடை பழகியதே அந்தச் சிமெண்டுக் களத்தில்தான். அப்பா ஆலையை அண்ணனுக்கு எழுதிவைத்தார், எனக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். நகையை யார் கேட்டார்கள்? எனக்குக் களம் வேண்டும்.

களம் கிடைக்காதவள் களத்தைப் படமாவது எடுத்துக்கொள்ளலாம் அல்லவா. பழைய கேமரா ஒன்றை வாங்கி, ஊருக்குப் போகும்போதெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாமே கருப்பு வெள்ளைதான். கலரில் எடுத்தால் சேலைதான் கண்ணுக்குத் தெரியும், களம் தெரியாது. ஒரு பங்குனி மாதத்து உச்சி வெயிலில் அந்தப் படம் அமைந்தது. கண்ணுக்கெட்டியவரை ஜவ்வரிசி. நடுவில் ஒரு பெண் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு பலகையால் கிளறிவிடுகிறாள். பலகை போன வழியெல்லாம் கோடு கோடாக நிற்கிறது. அவள் காலடியில் ஒரு துண்டு நிழல். அவ்வளவுதான் படம். கேமராவின் சின்னத் திரையில் பார்த்தபோதே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

அந்தச் சமயம் அண்ணன் ஆலை வாசலில் புது ஆபீஸ் கட்டிக்கொண்டிருந்தார். வியாபாரிகள் வந்து உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே பெரிய சுவர் ஒன்று மொட்டையாக நின்றது. பார்த்ததும் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்ண்ணா, அந்தச் செவுத்துல என்ற படத்த மாட்டுங்க."

அண்ணன் உடனே சரி என்று சொல்கிற ஆள் இல்லை. சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, அங்க உக்கார்றவன் வியாபாரி. பொழுதன்னைக்கும் வெள்ளையப் பாத்துப் பாத்தே கண்ணு பழகுனவன். படத்துல வெள்ள ஒரு துளி பெசகுனாலும், இவங்க சரக்கே இப்பிடித்தான்னு நெனச்சுப்போடுவான். வெள்ள வெள்ளையா வந்துச்சுன்னா மாட்டறேன். இல்லீன்னா முருகர் படம் ரெடியா இருக்குது."

முருகரோடு போட்டி போட யாருக்குத் தைரியம் வரும்? ஆனாலும் சரி என்றேன். ஆவணியில் ஆபீஸ் பால் காய்ச்சுவதாகப் பேச்சு. அந்தச் சுவரில் என் படம் ஏறவேண்டும். ஆலையில் எனக்கென்று வேறு ஒன்றும் வேண்டாம், அந்த ஒரு சுவர் போதும் என்று இருந்தது.

வெளியாட்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஜவ்வரிசிக்காரர்களுக்கு வெள்ளை என்பது ஒரு நிறம் இல்லை, அது சாட்சி. நீலம் பாய்ந்த வெள்ளை என்றால் மருந்து போட்டு வெளுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மஞ்சள் அடித்தால் பழைய சரக்கு. கருப்புப் புள்ளி தெரிந்தால் தோல் சரியாக உரிக்கவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜாதி இல்லை நாங்கள். அதுவும் வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் எங்கள் குடும்பத்தில் யாரும் வெள்ளையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். சரக்கைக் கையில் அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? வீட்டிலிருந்த கலர் பிரிண்டரில், அதோடு வந்த மென்பொருளிலேயே படத்தை அடித்து, சமையல்கட்டு விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்து, ஆஹா என்று பூரித்து, மறுநாளே ராசிபுரம் பஸ் ஏறினேன். ஆலைக்காரன் மகள் செய்யக்கூடாத ஒரே தப்பு அது.

அண்ணன் படத்தைக் கையில் வாங்கியதும் நேரே களத்துக்கு நடந்தார். வெயிலில் பிடித்தார். வெளிச்சமான இடமெல்லாம் நீலம். நிழல் விழுந்த இடமெல்லாம் கத்தரிப்பூ நிறம். சமையல்கட்டில் இது எங்கே ஒளிந்திருந்தது?

"நீலம் போட்டிருக்குதே அம்மிணி," என்றார் அண்ணன். களத்தில் கிளறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். "என்ற சரக்குல ஒரு சொட்டு மருந்து போட்டதில்ல நானு. நீ என்ற களத்தையே மொத்தமா வெளுத்துப்போட்டியே!"

களத்து ஆட்களின் சிரிப்பு வேறு. எனக்கு வந்த கோபத்தில் படத்தைப் பிடுங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டேன். அண்ணி சோற்றுத் தட்டோடு கேட் வரைக்கும் ஓடிவந்தாள். "சித்த சாப்புட்டுப் போ சாமி" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் பசி காதை அடைத்தபோதுதான் தட்டின் ஞாபகம் வந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். கலர் பிரிண்டரிடம் சாம்பல் நிறம் கேட்டால் அது கருப்பு மையை மட்டும் எடுப்பதில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் துப்பி, அதுதான் சாம்பல் என்று நம் கண்ணை ஏய்க்கிறது. விளக்கு மாறினால் வேஷம் கலைந்துவிடும். போதாக்குறைக்கு நான் வாங்கிய பளபளப்புக் காகிதத்திலேயே வெளுப்பு ரசாயனம் கலந்திருந்தது, வெயில் பட்டதும் அதுவும் நீலமாக மின்னியது. சரி, கருப்பை மட்டும் போடு என்று சொல்லலாமென்றால், பிரிண்டரோடு வந்த மென்பொருளில் அதற்கு இடமே இல்லை. என் வீட்டு பிரிண்டர், நான் ஊற்றிய மை, எதை எடுக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையாம்! யாரிடம் கற்றுக்கொண்டார்கள் கம்பெனிக்காரர்கள் இந்த அதிகாரத்தை?

தேடத் தேட, வேறொரு மென்பொருள் அகப்பட்டது. உலகத்தில் பல மூலைகளில் இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். பிரிண்டரின் ஒவ்வொரு மைத்தொட்டிக்கும் தனித்தனியாக, இங்கே இவ்வளவு போடு, அங்கே போடாதே என்று அதில் கட்டளை எழுதலாம். மகள் கல்லூரி விடுதிக்குப் போகும்போது விட்டுப்போன பழைய மடிக்கணினியில் அதை ஏற்றினேன். புரியாத இடத்தில், அதைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் இணையக் குழுவில் ஓட்டை இங்கிலீஷில் ஒரு கேள்வி போட்டேன். காலையில் எழுந்தால் பதில் வந்திருந்தது. என்ன காகிதம், என்ன மை, அடித்ததை ஸ்கேன் செய்து அனுப்புங்கள் என்று ஒருவர் பொறுமையாகக் கேட்டிருந்தார். அவர் எந்த நாடு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நம் ஊரில் ஒன்றைக் கேட்டால், எதுக்குக் கேக்கறீங்க என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பார்கள்.

வெளுப்பு கலக்காத பருத்திக் காகிதம் வாங்கினேன். கருப்பு மை மட்டும் போட்டு அடித்தேன். வாசலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். நீலம் இல்லை, கத்தரிப்பூ இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த வாரமே அண்ணன் மோட்டார் சாமான் வாங்கச் சேலம் வந்தவர், காப்பி குடிக்க வீட்டுக்கு வந்தார். காப்பியைக் கொடுப்பதற்கு முன்பே படத்தைக் கொடுத்தேன். வாசலுக்குப் போனார். மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு பார்த்தார்.

"நெறம் செரியாயிருச்சு," என்றார். நான் சிரிக்க வாயெடுத்தேன். "ஆனா தோலு கெடக்குது."

"என்ன தோலுங்க?"

விரலை வைத்துக் காட்டினார். பளிச்சென்ற வெள்ளையில், மிளகுப்பொடி தூவினமாதிரி மைப்புள்ளிகள். கருப்பு மை ஒன்றை வைத்துக்கொண்டு வெளிர் சாம்பல் வரவேண்டுமென்றால் புள்ளியைத் தள்ளித் தள்ளித்தான் வைக்கவேண்டும், வேறு வழியில்லை.

"அண்ணா, அது மைப்புள்ளிங்க! தோலு இல்லீங்க!"

"எனக்குத் தெரியுது. வியாபாரிக்குத் தெரியுமா?"

வீட்டுக்காரர் ஊஞ்சலில் உட்கார்ந்து தினசரியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். தினசரி குலுங்கியது. ரெண்டு ஆண்களும் சேர்ந்து காப்பி குடித்து முடிக்கும்வரை நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அண்ணன் சொன்னதில் பிசகே இல்லை. எனக்குப் பிடிக்காததெல்லாம் அதுதான்.

அடுத்து செய்ததைத்தான் வீட்டுக்காரர் இன்றும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். குழுவில் இருந்தவர்கள் சொன்ன வழி அது. பிரிண்டரின் நீலம், சிவப்பு, மஞ்சள் தொட்டிகளைக் காலிசெய்து, கழுவி, அவற்றில் கருப்பு மையையே தண்ணியாக்கி ஊற்றவேண்டும். ஒன்றில் பாதி அடர்த்தி, ஒன்றில் அதிலும் பாதி, கடைசியில் கழுநீர் மாதிரி. அப்போது வெளிர் நிறத்துக்குப் புள்ளியைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை, தண்ணி மையை நெருக்கமாகவே போடலாம். மைக்கென்றே விற்கும் நிறமில்லாத திரவத்தை வாங்கி, அடுக்களை மேடையில் டம்ளர்களை வரிசையாக வைத்துக் கலக்கினேன்.

"ஏம்புள்ள, ஊருல எல்லாரும் கருப்பு வெள்ள டிவியக் குடுத்துட்டுக் கலரு டிவி வாங்குனாங்க. நீ கலரு பிரிண்டர வாங்கிக் கருப்பாக்கறியே," என்றார் அவர்.

"நீங்க உங்க ரயிலுக்குப் பச்சக் கொடி காட்டுங்க. இங்க சிவப்புத்தான்," என்றேன்.

புள்ளி போய்விட்டது. வழவழவென்று வந்தது. ஆனால் பழுப்பு! கரி மை தண்ணியாக ஆக ஆகப் பழுப்பைக் காட்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது. பழுப்பு என்றால் எங்கள் ஆலையில் பழைய சரக்கு. அண்ணன் முகம் கண்முன் வந்தது. பழுப்பேறிய வெள்ளைக்கு நம் ஊரில் பிறந்தவளின் கை தானாக எங்கே போகும்? வேட்டி அலசும் சொட்டு நீலப் புட்டிக்குத்தான். கடைசித் தொட்டியில் நாலு சொட்டு விட்டேன்.

பிரிண்டர் மூக்கடைத்துப்போய் நின்றது. அடித்த காகிதமெல்லாம் வரிவரியாகக் கிழிந்த பாய் மாதிரி வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போனது என்று சொல்வார்கள், எனக்குக் குரங்குகூட வரவில்லை. கெரகம் புடிச்ச மெஷின் என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஜன்னலைச் சாத்தினார்கள். வீட்டுக்காரர் வந்து புட்டியைப் பார்த்தார், பிரிண்டரைப் பார்த்தார். "வேட்டி தோய்ச்சியா அதுக்கு?" என்றார். நான் அழுதுவிட்டேன். சுவர் போய்விட்டது, முருகர் ஜெயித்துவிட்டார் என்று அழுதேன். அதைப் பார்த்ததும் மனிதர் கேலியை விட்டுவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிவந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, பஞ்சால் ஒற்றி ஒற்றிச் சுத்தம் செய்துகொடுத்தார். அடைத்துப்போன மைமுனை திறக்க ஒரு வாரம் ஆயிற்று.

குழுவில் நடந்ததை அப்படியே எழுதினேன். பதில் சொல்லிவந்தவருக்குச் சொட்டு நீலம் என்றால் என்னவென்று விளங்கவில்லை. புட்டியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். எண்ணம் சரி, பொருள்தான் தப்பு என்று எழுதினார். பிரிண்டரிலிருந்து எடுத்துவைத்த நீல மையில் கொஞ்சத்தைக் கடைசித் தொட்டியில் கலந்து, எந்தச் சாம்பலுக்கு அது எவ்வளவு வேண்டும் என்பதை மென்பொருளில் எழுதுங்கள், கண்மூடித்தனமாகக் கொட்டாதீர்கள் என்றார். எண்ணம் சரி என்ற அந்த ஒரு வரிக்காக அவருக்கு ஒரு மூட்டை ஜவ்வரிசி அனுப்பலாமென்று தோன்றியது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதுதான் வேலை. கருப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக ஒரு பட்டை அடிப்பேன். காய்ந்ததும் ஸ்கேன் செய்வேன். ஒவ்வொரு படியிலும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று கணினி எண்ணாகச் சொல்லும். மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால் அங்கே எந்த நிறச்சாயலும் இல்லை, சுத்தச் சாம்பல். நீலம் குறைந்த படியில் கடைசித் தொட்டியைக் கொஞ்சம் கூட்டி எழுதுவேன். கூடினால் குறைப்பேன். மறுபடி அடிப்பேன். ஸ்கேனரும் பொய் சொல்லலாம் என்பதால், பட்டையை வாசலுக்குக் கொண்டுபோய், பக்கத்தில் எங்கள் ஆலை ஜவ்வரிசியை ஒரு பிடி வைத்துக் கண்ணாலும் பார்ப்பேன். தெருவில் போகிறவர்கள் வடகம் காயப்போடுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், மேலிருந்து கீழ்வரை எல்லாப் படியிலும் மூன்று எண்ணும் ஒட்டி நின்றன. நான் நம்பவில்லை. பட்டையை வைத்துவிட்டுப் படத்தையே அடித்தேன். வெயிலில் பார்த்தேன், வேப்பமர நிழலில் பார்த்தேன், உள்ளே டியூப் லைட்டில் பார்த்தேன், என்னை ஏமாற்றிய அதே சமையல்கட்டு விளக்கில் பார்த்தேன். எங்கேயும் நிறம் மாறவில்லை. வெள்ளை வெள்ளையாக இருந்தது. பலகைக் கோடுகள் மெல்லிய சாம்பலாக ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அந்தப் பெண்ணின் நிழல் கன்னங்கரேலென்று அவள் காலடியில் கிடந்தது. "வந்துருச்சு!" என்று நான் கத்திய கத்தலில் வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து துண்டோடு ஓடிவந்தார். இத்தனை வயதில் நான் அப்படிக் குதித்ததில்லை. யாருக்கும் கைகட்டி நிற்காமல், யாரிடமும் கெஞ்சாமல், என் கையால் வரவழைத்தேன். அவர் துண்டைப் பிடித்துக்கொண்டே ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தார். "கண்ணு கூசுது புள்ள," என்றார். கேலி இல்லை.

பால் காய்ச்சும் நாளன்று, கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தை மடியில் வைத்துக்கொண்டு ராசிபுரம் போனேன். ஆபீஸில் சாம்பிராணிப் புகை. எதிர்ச்சுவர் அப்போதும் மொட்டையாகத்தான் இருந்தது, ஆனால் முருகர் பக்கத்தில் பெஞ்சின்மேல் சாய்ந்து தயாராக இருந்தார். அண்ணன் என் கையிலிருந்து சட்டத்தை வாங்கினார். இந்தத் தடவை நானே முன்னால் களத்துக்கு நடந்தேன்.

சட்டத்தைக் களத்தில் மல்லாக்க வைத்தார். குனிந்து, காய்ந்துகொண்டிருந்த சரக்கில் ஒரு கை அள்ளினார். கண்ணாடிமேல் பரப்பினார்.

"ஏனுங்ண்ணா!" என்று பதறிப்போனேன்.

அவர் காதில் வாங்கவில்லை. குந்தி உட்கார்ந்து பார்த்தார். கண்ணாடிமேல் கிடந்த ஜவ்வரிசி எங்கே முடிகிறது, படத்து ஜவ்வரிசி எங்கே தொடங்குகிறது என்று கிட்ட இருந்த எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. களத்து ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். போன தடவை சிரித்த அதே ஆட்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அண்ணன் உள்ளங்கையால் சரக்கைத் தள்ளிவிட்டுவிட்டு எழுந்தார்.

"ஆணி எங்கப்பா வெச்சீங்க?" என்றார்.

முருகரை உள்ளறையில், பணப்பெட்டிக்கு மேலே மாட்டினார்கள். அவருக்கும் அதுதான் நல்ல இடம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். படம் ஏறும்போது ஆணி அடித்தவரை நான் நாலு தடவை திட்டினேன், அந்தப் பக்கம் சாயுது, இந்தப் பக்கம் சாயுது என்று. அண்ணி இந்த முறை என்னை விடவில்லை. இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்து இலை போட்டு, போன தடவை பாக்கியையும் சேர்த்துப் பரிமாறினாள்.

மத்தியானம் வடக்கேயிருந்து வியாபாரி ஒருவர் வந்தார். அப்பா காலத்திலிருந்து சரக்கு எடுக்கிறவர், தமிழ் நன்றாகவே பேசுவார். அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். நான் அண்ணியோடு வாசல்படியில் காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆபீஸில் விருந்தாளிக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவதுதான் எங்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம். அண்ணன் சரக்கு மாதிரிகளின் பொட்டலங்களைப் பிரித்து மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தார். வியாபாரி அவற்றைப் பார்க்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, சுவரிடம் போய், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றார்.

"இது எந்தச் சரக்கு?" என்றார், விரலால் படத்தைத் தொட்டுக்காட்டி. "இந்த வெள்ளை எனக்கு வேணும். மேஜைமேல இருக்கிறது வேண்டாம். இது குடுங்க."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அது விக்கறதுக்கு இல்லீங்க," என்றார். "அதா நிக்கறாங்க பாருங்க, அவங்க போட்டது. இந்த ஆலைக்காரங்க."

ஆலைக்காரங்க. அப்பா என்னை அப்படிச் சொன்னதில்லை, யாருமே சொன்னதில்லை. காப்பித் தட்டை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு, ஆபீஸுக்குள் போய், அவர்களுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.